சொல்லாத்துறை

அந்த ஒரு சொல்லை யார் சொன்னது என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. படகில் மூன்று பேர் இருந்தோம். ஜோசப் சொன்னதாக நான் நினைத்தேன். நீதான் சொன்னாய் என்று ஜோசப் கடைசிவரை என்னிடம் சாதித்தான். அன்புமணி, நீங்கள் இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை என்றான். நான் அதிகம் பேசாதவன். பேசாதவர்களுக்கு ஞாபகம் நன்றாக இருக்கும் என்று ஒரு எண்ணம் இருக்கிறது, அது உண்மையில்லை. மனதுக்குள் சொன்னதும் வாய்விட்டுச் சொன்னதும் கொஞ்ச நாள் கழித்து ஒன்றாகக் கலந்துவிடும். அதனால் நான் இங்கே எழுதுவதில் முன்பின் மாறியிருக்கலாம். அந்தச் சொல் மட்டும் மாறியிருக்காது. அது நாம் எல்லோரும் தினமும் வாசலில் நின்று சொல்கிற சொல்.

ஜோசப் என் தங்கை ஆரோக்கிய ஜெனிபரின் கணவன். கனடாவின் வடக்குப் பக்கம் சரக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். கல்யாணமான பிறகும் காகிதங்கள் சரியாகாததால் ஜெனிபர் என்னுடன்தான் இருந்தாள், கடலூர் முதுநகரில், எங்கள் பழைய வீட்டில். மார்ச்சில் வந்துபோன ஜோசப், ஜூலை முடிகிற சமயம் மறுபடி விடுமுறையில் வந்து இறங்கினான். ஜெனிபருக்கு அப்போது வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. மசக்கை முடிந்து முகம் தெளிந்து, வாசலில் நின்று சிரித்தாள். ஜோசப் அவளைப் பார்த்தான், பெட்டிகளை மாடிக்குக் கொண்டுபோகச் சொன்னான், பிறகு சாப்பிட உட்கார்ந்தான். அவ்வளவு சாதாரணமாகத்தான் எல்லாம் தொடங்கியது.

மாடியில் ஒரே அறை. மரப்படி ஏறிப் போக வேண்டும். சன்னலைத் திறந்தால் உப்பனாறு தெரியும். வற்றத்தில் தண்ணீர் இறங்கிய நேரத்தில் சேற்று வாடை அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த அறையில் ஜோசப் தரை முழுக்க ஒரு வரைபடத்தை விரித்தான். பச்சைக்கு நடுவே நீலத் திட்டுகள். ஊர்ப்பெயர் ஒன்றுமில்லை, சாலைக் கோடு ஒன்றுமில்லை. ஒரு சின்ன நீலத் திட்டின் மேல் விரலை வைத்தான்.

"இந்த ஏரிக்குப் பேரே கெடையாது மச்சான். செப்டம்பர்ல இங்கதான் போறோம்."

சக்கரத்துக்குப் பதில் மிதவை கட்டிய சிறிய விமானம் அந்த ஏரியின் தண்ணீரிலேயே இறங்கும். ஆட்களையும் மூட்டைகளையும் கரையில் விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடும். சொன்ன நாளில் வந்து ஏற்றிக்கொள்ளும். வானம் சரியில்லை என்றால் வராது. அதுவரை சுற்றிலும் மனித வாடை கிடையாது. அங்கே மூஸ் என்று ஒரு மிருகம், அதை வேட்டையாடத்தான் போகிறான். மான் வகைதான், ஆனால் நம் உழவு மாட்டை விட உயரம், கொம்பு ஒவ்வொன்றும் முறம் போல விரிந்திருக்கும். போன வருடம் தன்னுடன் வேலை செய்கிற பிரையன் என்பவனோடு போய், ஒன்றையும் பார்க்காமல் திரும்பியிருந்தான். உனக்குக் கூப்பிடத் தெரியவில்லை என்று பிரையன் எல்லோர் எதிரிலும் சிரித்திருக்கிறான். ஜோசப் அதை மறக்கவில்லை. அவன் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

மூஸைத் தேடிப் போக முடியாது, அதைக் கூப்பிட வேண்டும். பெண் மூஸ் ஏங்குவது போலக் குரல் கொடுத்தால் ஆண் மூஸ் வரும். ஜோசப் சுவரில் மாட்டியிருந்த பங்குக் கோயில் காலண்டரைக் கழற்றிக் கூம்பாகச் சுருட்டினான். மாதா படத்தையா சுருட்டுவீங்க என்று ஜெனிபர் கீழிருந்து சத்தம் போட்டாள். அவன் சன்னலுக்கு வெளியே கூம்பை நீட்டிக் கூப்பிட்டான்.

கன்றை இழந்த பசு தொண்டை வற்றும்வரை கத்தி, கடைசியாக ஒரு தடவை முனகுமே, அதுபோல இருந்தது. நீளமாக, மேலே ஏறி, உடைந்து இறங்கியது. கடைசியில் காலண்டர் தாள் படபடவென்று அதிர்ந்தது.

தெருநாய்கள் குரைக்கும் என்று எதிர்பார்த்தேன். குரைக்கவில்லை.

"உடனே வந்துராது," என்றான் ஜோசப். "எத்தன மைலுக்கு அந்தாண்ட இருந்தாலும் காதுல வாங்கிக்கும். மறுநா வரும், அதுக்கு மறுநா வரும். ஆனா எங்க நின்னு கூப்ட்டியோ அதே எடத்துக்கு வந்து நிக்கும். எடத்த மட்டும் மறக்காது."

அன்று மாலை ஜெனிபர் துணி மடித்தபடியே என்னிடம் பேசினாள். போகவேண்டாம் என்று அவனிடம் சொன்னால் கட்டாயம் போவான், அது அவளுக்குத் தெரியும். எனவே அவள் அவனைத் தடுக்கவில்லை. என்னைக் கேட்டாள்.

"டிசம்பர்ல எனக்குப் பிரசவம். அவரு பக்கத்துல இருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். நீ கூடப் போண்ணே. போயி கூட்டிட்டு வா."

போகிறேன் என்றேன். அந்த ஒரு வேலைக்காகத்தான் சம்மதித்தேன். சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் நூலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். விசாவும் தாமதமில்லாமல் வந்துவிட்டது. ஜோசப்புக்கு அதில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. சோறாக்க ஒரு ஆள் கிடைத்தது என்றான். புத்தகம் படிக்கிறவனைப் பார்த்தால் மூஸ் தானே வந்து படுத்துக்கொள்ளும் என்றும் சொன்னான்.

விமானத்துக்கு எடைதான் முக்கியம். ஆளும் மூட்டையும் சேர்த்து இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று விமானி கறாராகச் சொல்லியிருந்தாராம். ஜோசப்பின் கல்லூரித் தோழன் அன்புமணி, சிதம்பரத்துக்குக் கிழக்கே அலையாத்திக் காட்டோரம் கிள்ளையில் இறால் குட்டை வைத்திருந்தான். அவன் தன் கொட்டகையிலிருந்து ஒரு எடை மெஷினைக் கொண்டுவந்து மாடியில் வைத்தான். கீழே இரும்புத் தட்டு, கம்பத்தின் மேல் சிவப்பு எண்கள். ஏறி அசையாமல் நின்றால் ஒரு தடவை கூவும். இறங்கினால் இன்னொரு தடவை. முதல் நாள் நானும் ஜோசப்பும் மூட்டைகளும் ஏறி இறங்கினோம். பிரையனின் எடையை அவன் போனில் சொன்னான். எல்லாம் சேர்ந்தும் அளவுக்குள்ளேயே இருந்தது. ஜோசப் குஷியாகி இன்னும் கொஞ்சம் அரிசியும் கருவாடும் சேர்த்தான். கருவாட்டு வாசனைக்குக் கரடிதான் வரும் என்று அன்புமணி சொன்னதற்கு, வந்தா அதையும் எடை போடுவோம் என்றான்.

தண்ணீரில் உட்கார்ந்து கூப்பிட்டுப் பழக வேண்டும் என்று ஜோசப் சொன்னதால்தான் கிள்ளைக்குப் போனோம். ஆகஸ்ட் மாதம். பகலில் தூறி விட்டிருந்தது. வழியில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு எதிரில் நிறுத்தி ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கினான். எதற்கு என்று கேட்டேன். பெண் மூஸ் ஏரியில் நின்று மூத்திரம் விடுகிற சத்தம் கேட்டாலும் ஆண் வரும், அதற்காக வாளியில் தண்ணீர் மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும் என்றான். அன்புமணி அந்த வாளியை மடியில் வைத்துக்கொண்டு வழிநெடுகச் சிரித்தான். ஏண்டா, இதுக்காடா பிளேன் புடிச்சுப் போறீங்க என்று கேட்டான். அன்று நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

சுற்றுலாப் படகுகள் ஓடாத பக்கமாக, அவன் குட்டைக்குப் பின்னால் இருந்து துடுப்புப் படகை இறக்கினோம். அன்புமணி நடுவில் உட்கார்ந்து துடுப்பு வலித்தான். நான் முன்னால். ஜோசப் பின்னால், கூம்பும் வாளியுமாக. இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்களின் வேர்கள் தண்ணீருக்குள் ஊன்றி நின்றன. வாய்க்கால் குறுகக் குறுக வெளிச்சம் பழுப்பாகிக்கொண்டே வந்தது. ஜோசப் ஒரு கிளையை ஒடிக்கக் கையை நீட்டினான். அது தில்லைடா, பால் கண்ணுல பட்டா போச்சு என்று அன்புமணி அவன் கையைத் தட்டிவிட்டான்.

ஒரு வளைவு திரும்பியதும் சேற்று மேடு ஒன்று வந்தது. அதில் இடிந்த சிமெண்டுப் படிகள் மூன்று நான்கு. அன்புமணி துடுப்பை மெதுவாகப் போட ஆரம்பித்தான். என்ன இடம் என்று கேட்டேன்.

"சொல்லாத்துறை."

கடலிலும் ஆற்றிலும் போனவர்களின் உடல் சுற்றிச் சுற்றி இந்த மேட்டில்தான் வந்து ஒதுங்குமாம். ஆளைக் காணோம் என்றால் வீட்டு மனிதர்கள் இங்கே வந்து காத்திருப்பார்கள். கிடைத்தால் எடுத்துக்கொண்டு போவார்கள். கிடைக்காவிட்டாலும் ஒரு நாள் எழுந்து போய்விடுவார்கள். எப்படிப் போனாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் போக வேண்டும்.

"சாவு வீட்டுலேருந்து வரும்போது போயிட்டு வரேன்னு சொல்லுவோமா அண்ணே?" என்று என்னிடம் கேட்டான். "அதான். இங்கயும் எழுந்து கெளம்பிரணும். சொல்லிக்கக் கூடாது."

"சொன்னா என்னா ஆவும்?" என்றான் ஜோசப்.

"நாம வரேன்னா போறோம்னு அர்த்தம். இங்க இருக்கறதுக்கு அப்படித் தெரியாதாம். வரேன்னா வரதுதான்."

ஜோசப் படகை அங்கேயே நிறுத்தச் சொன்னான். இந்த மாதிரி அமைதியான இடம் கிடைக்காது என்றான். வேண்டாம் என்று அன்புமணி சொன்னதும், அவன் குரலில் இருந்த பயத்தைக் கேட்டதும், ஜோசப்புக்கு இன்னும் பிடிவாதம் ஏறியது. கூம்பை வாயில் வைத்தான்.

கூப்பிட்டான்.

குரல் வேர்களுக்குள் நுழைந்து எங்கேயோ போய் நின்றது. அவன் சொல்லியிருந்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தோம். எனக்கு மௌனம் பழக்கம். வீட்டிலும் நூலகத்திலும் நான் அதற்குள்தான் இருக்கிறேன். ஆனால் அந்த மௌனம் வேறு. அடைய வந்த கொக்குகள் கூடச் சத்தமில்லாமல் கிளைகளில் குறுகி உட்கார்ந்திருந்தன. சேற்றில் நண்டு ஓடுகிற சத்தம் கூட நின்றிருந்தது. ஒன்றுமில்லாததால் வருகிற மௌனம் இல்லை அது. யாரோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பதால் வருகிற மௌனம்.

ஜோசப் வாளியில் தண்ணீர் மொண்டு, கையை உயர்த்தி, மெல்ல ஊற்றினான். தண்ணீர் தண்ணீரில் விழுந்தது. வாளி காலியானது.

மேட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

அதே உயரத்திலிருந்து. அதே அளவு.

பிறகு நின்றது.

ஜோசப் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் பயம் இல்லை, கோபம்தான் இருந்தது. யாரோ கேலி செய்கிறார்கள் என்று நினைத்துவிட்டான். மறுபடி கூம்பை எடுத்தான். வாய்க்குப் போகுமுன் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. நீளமாக, மேலே ஏறி, உடைந்து இறங்கியது. மனிதத் தொண்டைதான். ஆனால் முடிவில் தாள் படபடக்கிற அதிர்வும் அந்தக் குரலில் இருந்தது. கேட்டதை அப்படியே, தாளோடு சேர்த்துக் கற்றுக்கொண்டிருந்தது.

ஈரச் சாம்பல் மாதிரி ஒரு வாடை எங்கள் மேல் வந்து படிந்தது.

"கெளம்பறோம்," என்று அன்புமணி கிசுகிசுத்தான். "யாரும் எதுவும் சொல்லாதீங்க. சொல்லாதீங்க."

துடுப்பை ஊன்றிப் படகைத் திருப்பினான். நான் முன்னால் வாய்க்காலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் அன்புமணி, அவனுக்கும் பின்னால் ஜோசப். மேடு விலகத் தொடங்கியது.

"வரேன்."

விருந்துக்கு வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வது போல. மரியாதையாக, அவசரமில்லாமல்.

படகின் பின்பக்கம் இறங்கியது. முன்பக்கம், நான் உட்கார்ந்திருந்த பலகை, தூக்கிக்கொண்டது. யாராவது படகில் ஏறினால் அப்படித்தான் ஆகும்.

நான் திரும்பவில்லை. அன்புமணி முழு பலத்தையும் போட்டு வலித்தான். வந்ததைப் போல இரண்டு பங்கு நேரம் ஆனது. கரையில் இறங்கியபோது பின்பலகையில் ஜோசப் மட்டும்தான் இருந்தான். சட்டை முதுகு முழுக்க நனைந்து, அதில் சேறு படிந்திருந்தது.

காரில் ஏறியதும் ஜோசப் என்னைத் திட்ட ஆரம்பித்தான். என்னை வேட்டைக்குப் போகவிடாமல் பயங்காட்ட நீயும் உன் தங்கையும் சேர்ந்து போட்ட நாடகம், நீதான் வரேன்னு சொன்ன என்றான். நான் சொல்லவில்லை என்றேன். அப்படியானால் நானா சொன்னேன் என்றான். ஆமாம் என்றுதான் அப்போது நினைத்தேன், சொன்னேன்.

அடுத்த வாரமே மாடிப்படியின் சத்தம் மாறிவிட்டது. ஜோசப் ஏறும்போது ஒவ்வொரு படியும் இரண்டு தடவை முனகியது. காலையில் பார்த்தால், அவன் கால் பட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஈரம். தொட்டு முகர்ந்தால் உப்பனாற்றுச் சேறு இல்லை, அந்த ஈரச் சாம்பல் வாடை. ஜெனிபர் பங்குச் சாமியாரை அழைத்து வந்து வீட்டைத் தீர்த்தத்தால் மந்திரிக்க வைத்தாள். தீர்த்தம் காய்ந்தது. அந்த ஈரம் காயவில்லை.

ஒரு மத்தியானம் அவள் அடுப்படியில் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னாள்.

"அவரு பக்கம் கட்டில் பள்ளமா எறங்குதுண்ணே."

ஆள் படுத்தால் இறங்கத்தானே செய்யும் என்றேன்.

"அவரு கீழ குளிச்சிட்டு இருக்கும்போதும் எறங்குது."

புறப்படுகிற நாள் நெருங்கியதால் ஜோசப் மறுபடி எடை போட்டான். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வெறும் ஆளாக ஏறி நின்றான். மெஷின் கூவியது. சிவப்பு எண்ணைப் பார்த்துவிட்டு இறங்கினான், மறுபடி ஏறினான். அவன் எடையோடு இன்னொரு ஆளின் எடையும் சேர்ந்திருந்தது. உப்புக்காற்றில் மெஷின் கெட்டுவிட்டது என்றான். நான் ஏறி நின்றேன், சரியாகக் காட்டியது. ஜெனிபர் ஏறினாள், அதுவும் சரி. மருந்துக்கடை வாசலில் இருந்த மெஷினுக்குப் போனான். அங்கேயும் அதே எண். கடைக்காரப் பெண் அவனையும் எண்ணையும் மாறி மாறிப் பார்த்தாளாம். பார்க்கத்தான் செய்வாள். அதற்குள் அவன் கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய, சட்டை தொளதொளத்துக் கிடந்தான்.

அரிசியை எடுத்து வெளியே வைத்தான். கருவாட்டை வைத்தான். டப்பாக்கள், இரண்டாவது பூட்ஸ், கூடாரத்தின் கனமான விரிப்பு எல்லாம் ஒவ்வொன்றாகச் சுவரோரம் போனது. எவ்வளவு குறைத்தும் மொத்தம் அளவுக்குள் வரவில்லை. கடைசியில் தரையில் உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"வெயிட் ஜாஸ்தி. நீ வரவேணாம் மச்சான்."

"ஜாஸ்தியா இருக்கறது என் வெயிட் இல்ல மாப்ள."

வெளியே ஆற்றில் படகு ஒன்று மோட்டார் சத்தத்துடன் போய் மறைந்தது.

"தெரியும்," என்றான். "ஆனா எறக்க முடியறது உன்ன மட்டும்தான்."

அன்றுதான் முதல் தடவையாக அவன் என்னிடம் மறைக்காமல் பேசினான். போகாமல் இருக்க முடியாது என்றான். இங்கே இருந்தால் அது இங்கேயே இருக்கும், ஜெனிபர் பக்கத்தில் படுக்கும். கடல் தாண்டி, ரோடு தாண்டி, பேர் இல்லாத ஏரி வரைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போய் இறக்கிவிட்டுத் திரும்பிவிடப் போகிறேன் என்றான். அங்கிருந்து அதற்கு வழி தெரியாது.

"கூப்ட்ட எடத்துக்கே வந்து நிக்கும்னு நீதான சொன்ன," என்றேன்.

அவன் வரைபடத்தை மடித்தான். மடிப்பு சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தான்.

வேளாங்கண்ணித் திருவிழா முடிந்த மறுநாள் விடிகாலை டாக்சி வந்தது. ஜெனிபர் வாசலில் நின்றாள். ஜோசப் அவள் வயிற்றில் கை வைத்தான், கையை எடுத்தான், படி இறங்கினான். ஒன்றும் சொல்லவில்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவன் போல நேராகக் காரை நோக்கி நடந்தான்.

"சொல்லிட்டுப் போங்க," என்று ஜெனிபர் கெஞ்சினாள். "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க."

அவன் காரில் ஏறி உட்கார்ந்தான். உதடுகளைப் பல்லால் கடித்து மூடியிருந்தான். சன்னல் கண்ணாடி வழியாக நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த உதடுகள் பிரியவில்லை.

ஜெனிபர் பெருமூச்சு விட்டுக் கண்ணைத் துடைத்தாள். "வரேன்னு சொல்லிட்டாரு," என்றாள்.

காரின் பின்பக்கம் தாழ்ந்து, தரையைத் தேய்த்துக்கொண்டு தெருமுனை திரும்பியது.

அங்கே நடந்ததை பிரையன் போனில் சொன்னான். எனக்கு அவன் ஆங்கிலம் பாதிதான் பிடிபட்டது. இரண்டு மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். போகும்போது விமானம் தண்ணீரை விட்டு எழும்பவே மறுத்ததாம். விமானி இரண்டு தடவை கரைக்குத் திரும்பி மூட்டைகளை இறக்கிவிட்டுத்தான் கிளப்பினார். ஏரியில் இறங்கிய முதல் நாளிலிருந்து ஜோசப் கூப்பிடவே இல்லை. கூப்பிடு, அதற்குத்தானே வந்தோம் என்று பிரையன் சொல்லிப் பார்த்தான். ஜோசப் கூடாரத்துக்கு வெளியே, கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கிற யாரையோ எழுந்து போகச் சொல்வது போல அவன் மொழியில் பேசிக்கொண்டிருந்தான். வேட்டைக்கு வந்த இடத்தில் பிரையன் தனியாகத்தான் அலைந்தான்.

திரும்புகிற நாளுக்கு முந்தைய மாலை பனிமூட்டம் இறங்கியது. ஏரிக்கு அக்கரையிலிருந்து பெண் மூஸ் கூப்பிட்டது. பிரையன் துப்பாக்கியை எடுத்தான். ஆனால் கூப்பிட்டு முடிக்கும்போது காகிதம் படபடப்பது போல ஒரு சத்தம் வந்ததாம். ஜோசப் எழுந்தான். முகம் தெளிந்திருந்தது; தோளிலிருந்து பாரத்தை இறக்கி வைத்தவன் போல நிமிர்ந்து நின்றான். பூட்ஸைக் கழற்றினான். அக்கரையைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னான். பிறகு தண்ணீருக்குள் நடந்தான். பிரையன் பின்னால் ஓடி இடுப்பளவு தண்ணீரில் தேடினான். பனியைத் தவிர ஒன்றும் இல்லை.

மறுநாள் விமானம் பிரையனை மட்டும் ஏற்றிக்கொண்டது. லேசாக எழும்பியது என்றான்.

அந்த வார்த்தையை அவன் போனில் சொல்லிக் காட்டினான். அவன் வாயில் அது சரியாக வரவில்லை. இருந்தாலும் புரிந்தது.

"அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டான். "போறேன்னா, வரேன்னா?"

இரண்டும்தான் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று நான் சொல் தேடினேன். அவன் லைன் அறுந்துவிட்டதாக நினைத்து வைத்துவிட்டான்.

ஜோசப்பின் உடல் கிடைக்கவில்லை. அங்குள்ள போலீஸ் அப்போதும், அடுத்த வருடம் உறைபனி உருகிய பிறகு இன்னொரு தடவையும் தேடிவிட்டு விட்டுவிட்டது. பிரையன் லாரி ஓட்டுகிறான், வேட்டைக்குப் போவதில்லை என்று கேள்வி. அன்புமணி இறால் குட்டையை மூடிவிட்டுப் பெண்ணாடத்தில் மச்சான் வீட்டோடு போய், கரும்பு லோடு ஏற்றுகிறான். எடை மெஷினைத் திருப்பித் தரக் கூப்பிட்டபோது அது எனக்கு வேண்டாம் என்று போனை அணைத்துவிட்டான். ஜெனிபருக்கு டிசம்பரில் பெண் குழந்தை பிறந்தது. அவர் வரேன்னு சொல்லியிருக்கிறார், எனவே வருவார் என்று அவள் சொல்கிறாள். நான் அவளிடம் வாதாடுவதில்லை. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போக வேண்டும் என்று மட்டும் நான் கேட்டுக்கொள்கிறேன். பலர் கோபித்துக்கொண்டு வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

மாடி அறையைப் பூட்டி வைத்திருக்கிறேன். காலண்டர் கூம்பை அவன் முதன்முதலாக நீட்டிக் கூப்பிட்ட சன்னல் அந்த அறையில்தான் இருக்கிறது. மெஷினின் வயரைக் கழற்றிச் சுருட்டி அலமாரியில் போட்டுவிட்டேன். போன வெள்ளிக்கிழமை, கோயிலில் மாலை மணி அடித்து ஓய்ந்த சமயம், பூட்டிய அறைக்குள் மெஷின் ஒரு தடவை கூவியது. ஜெனிபர் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு படிக்குக் கீழே போய் நின்று, வந்துட்டீங்களா என்று கேட்டாள்.

ஏறினால் ஒரு தடவை கூவும், இறங்கினால் இன்னொரு தடவை. இறங்குகிற சத்தத்துக்காக இன்னும் காத்திருக்கிறோம்.